ஏலப் பணத்தில் ஓர் ஆசிரியர்: சென்னைவாழ் நம் ஊர் மக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோருக்கும், சென்னையில் வாழும் நம் ஊர்த் தலைக்கட்டுக்காரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற மாதம் விருகம்பாக்கத்தில் நடந்த கூட்டத்தில், இந்த ஆண்டு பங்குனிப் பொங்கல் ஏலத்தில் சேர்ந்த பணத்தைக் கொண்டு ஊர் எல்லையில் நுழைவு வளைவு கட்டுவது என்று தீர்மானம் ஆயிற்று. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் எழுந்து இரண்டு வார்த்தை சொன்னேன். நேரமாகிவிட்டது, சாப்பாடு ஆறுகிறது என்றார்கள். பேச்சு அதோடு நின்றது. சொல்ல வந்ததை முழுவதுமாக எழுதிவிடுவதே முறை என்று பட்டதால் இந்த மடலை எழுதுகிறேன். நம் ஊர்த் தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியை மகப்பேறு விடுப்பில் போயிருக்கிறார். ஏலப் பணத்தில் 1,20,000 ரூபாயைத் தனியே எடுத்து வைத்து, அவர் திரும்பும்வரை அவர் இடத்தில் ஒரு மாற்று ஆசிரியரை அமர்த்த வேண்டும் என்று கேட்கிறேன். வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை ஒரு பொங்கல் தள்ளிக் கட்டலாம் என்கிறேன்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று சிலருக்குத் தோன்றலாம். நான் வடக்குத் தெருவில் பிறந்து, கல்யாணமாகி வில்லிவாக்கத்துக்கு வந்தவள். ஆசிரியர் பட்டயப் படிப்பு முடித்து, தகுதித் தேர்விலும் தேறி, நிரந்தர வேலை அமையாமல், ஒன்பது ஆண்டுகளாகச் சென்னையில் விடுப்பில் போகும் ஆசிரியர்களின் இடத்தில் பாடம் எடுத்து வருகிறேன். இங்கே அதை ‘லீவ் வேகன்சி’ என்பார்கள். பெரம்பூர், அயனாவரம், கொளத்தூர், அம்பத்தூர் என்று இதுவரை ஏழு பள்ளிகள் ஆகிவிட்டன. ஒருவருக்குப் பிரசவம், ஒருவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை, ஒருவருக்குப் படுத்த படுக்கையாகிவிட்ட மாமியார் என்று ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய வீட்டு நிலைமையை ஒட்டித்தான் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. ஆசிரியர் இல்லாத வகுப்பறைக்குள் கதவைத் திறந்துகொண்டு நுழைவது எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

மாற்று ஆசிரியரின் வேலை வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எளிதாகத் தெரியும். யாரோ தயாரித்த பாடக்குறிப்பு, யாரோ எழுதிய வருகைப் பதிவேடு, யாரோ ஒட்டிய சுவர்ப் படங்கள் எல்லாம் தயாராக இருக்க, போய் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைப்பார்கள். ஆனால் முதல் வாரம் முழுவதும் பெயர்களோடுதான் போராட்டம். எந்தப் பிள்ளைக்குக் கரும்பலகை தெரியவில்லை, எந்தப் பிள்ளையை அப்பா அடிக்கிறார், எந்தப் பிள்ளையின் அம்மா சென்ற மாதம் இறந்துபோனார் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. விடுப்பில் போன ஆசிரியையின் மனத்தில்தான் இருக்கும். கொளத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் நிறைமாத வயிற்றோடு ஓர் ஆசிரியை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, தன் வகுப்பின் நாற்பது பிள்ளைகளைப் பற்றியும் ஒவ்வொருவராக எனக்குச் சொல்லிவிட்டுப் போனார். நான் குறித்துக்கொண்ட அந்த நோட்டு இன்றும் என்னிடம் இருக்கிறது. அப்படிச் சொல்ல ஆள் இல்லாமல், இரண்டு மாதம் யாரும் இல்லாமல் கிடந்த வகுப்புக்குப் போகும்போதுதான் நாம் எவ்வளவு இழந்திருக்கிறோம் என்பது தெரியும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்படி ஒரு மூன்றாம் வகுப்புக்குப் போனேன். அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அவர்கள் கற்ற நிலைக்கு ஏற்ப அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்திருப்பார்கள் என்பது உங்களில் பேரப்பிள்ளைகள் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்கும். மலர்க் குழுவில் ஒரு பையன் இருந்தான். தடங்கல் இல்லாமல், குரலை ஏற்றி இறக்கி, அழகாக வாசிப்பான். ஒன்பதாவது நாள் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டபோதுதான் கவனித்தேன். அவன் வாய் நான்காவது வரியைச் சொல்லிக்கொண்டிருந்தது. விரலோ இரண்டாவது வரியில் இருந்தது. பக்கத்திலிருப்பவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே பாடம் முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தான். ‘கண்ணு, இந்தச் சொல்லை மட்டும் சொல்லு’ என்று நடுவிலிருந்து ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினேன். வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்து, ‘நீங்க எப்ப மிஸ் போவீங்க?’ என்று கேட்டான். தான் பிடிபட்டது அவனுக்குத் தெரிந்துவிட்டது. நான் அங்கே இருந்த ஐந்து மாதத்தில் அவன் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கினான். அவன் விரல் எந்த வரியில் இருக்கிறது என்று பார்க்க ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது, அவ்வளவுதான் தேவைப்பட்டது.

நம் ஊர்ப் பள்ளியில் இன்று அப்படிப் பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. ஜூன் மாதம் ஊருக்குப் போனபோது பள்ளிக்குப் போய்ப் பார்த்தேன். ஐந்து வகுப்புகளில் மொத்தம் 38 பிள்ளைகள். தலைமையாசிரியரைச் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்பது கணக்கு. அந்த இருவரில் ஒருவர் இப்போது ஓராண்டு விடுப்பில் இருக்கிறார். பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவர் வாரத்தில் இரண்டு நாள் வந்து போகிறார். மற்ற மூன்று நாளும் தலைமையாசிரியர் ஐந்து வகுப்புகளையும் ஒரே கூடத்தில் உட்கார வைத்துக்கொண்டு, காலை உணவையும் மதிய உணவையும் மேற்பார்த்து, கணக்கெழுதி, கைப்பேசியில் விவரம் ஏற்றி, இடையில் கிடைக்கும் நேரத்தில் பாடமும் நடத்துகிறார். நான் போன அன்று ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதிக் காட்டிக்கொண்டிருந்தாள். நன்றாகவே சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அந்த நேரத்தில் அவளுடைய பின்னக் கணக்கு நின்று போயிருந்தது.

விடுப்பில் போன ஆசிரியையின் மேல் யாரும் குறை சொல்லக் கூடாது. நம் கூட்டத்திலேயே ஒருவர் ‘வருஷம் முழுக்க லீவா?’ என்று கேட்டார். தமிழக அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கான மகப்பேறு விடுப்பு 2021-இல் 9 மாதத்திலிருந்து 12 மாதமாக உயர்த்தப்பட்டது. அது நல்ல ஆணை, தாய்க்கும் குழந்தைக்கும் வேண்டிய ஆணை. பிரசவமான மூன்றாம் மாதம், பால் கட்டிய மார்போடு மாற்று ஆசிரியையாக வகுப்பில் நின்றவள் நான். எனக்குக் கிடைக்காததை இன்னொரு பெண் பெறுவதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த ஓராண்டுக்கு அவர் இடத்தில் யார் நிற்பது என்பதற்கு ஏற்பாடு இல்லாததுதான் குறை. கல்வி உரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு, பள்ளியின் காலிப் பணியிடங்கள் பத்து விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஆனால் விடுப்பில் இருப்பவரின் இடம் காலியிடமாகக் கணக்கில் வருவதில்லை. 2022-இல் அரசு 13,331 காலிப் பணியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிகமாக நிரப்ப முன்வந்தபோதும், அது காலியிடங்களுக்கான ஏற்பாடாகவே இருந்தது. அப்போது இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய் என்று தொடங்கி, பிறகு 12,000 ஆக்கினார்கள். நான் கேட்கும் தொகை அந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். மாதம் 12,000 ரூபாய் வீதம், ஆகஸ்ட் முதல் மே வரை பத்து மாதத்துக்கு 1,20,000.

இனி ஏலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஏலம் எப்படி நடக்கும் என்று உங்களுக்கு நான் விவரிக்கத் தேவையில்லை. இருந்தாலும் எழுதும்போது அந்த இரவு அப்படியே கண்முன் வருகிறது. முளைப்பாரி கரைத்துவிட்டுப் பெண்கள் ஈரச் சேலையோடு திரும்பி வர, கோயில் வாசலில் ஜமுக்காளம் விரித்து, வாழைத்தார், தேங்காய், கரும்புக் கட்டு, உப்புப் பொட்டலம், அம்மனுக்குச் சாத்திய மஞ்சள் சேலை எல்லாவற்றையும் பரப்பி வைத்திருப்பார்கள். கடைசியாக அம்மன் பாதத்தில் இருந்த எலுமிச்சம்பழம் தாம்பாளத்தில் வரும். ‘ஒரு தரம்’ என்று பெரியவர் குரல் கொடுப்பார். ‘ரெண்டு தரம்’ என்று சொல்லிவிட்டு, கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்து, மூன்றாம் தரத்தைச் சொல்லாமல் இழுப்பார். அந்த இழுப்பில்தான் ஆயிரம் இரண்டாயிரம் ஏறும். இந்த ஆண்டு கொடுங்கையூரில் மளிகைக் கடை வைத்திருக்கும் நம் அண்ணாச்சி ஒருவர் கைப்பேசி வழியாகவும், திருப்பூரிலிருந்து வந்திருந்த அவருடைய மைத்துனர் நேரில் நின்றும் போட்டி போட்டு, அந்த ஒரு பழம் 21,000 ரூபாய்க்குப் போனது. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூர் அருகே முருகன் கோயிலில் 2024 பங்குனி உத்திரத்துக்கு ஒன்பது எலுமிச்சம்பழங்கள் இரண்டு லட்ச ரூபாய்க்கும் மேல் ஏலம் போனதைச் செய்தியில் படித்திருப்பீர்கள். பழத்துக்கு யாரும் அந்த விலை கொடுப்பதில்லை. ஊர்ப் பொதுவுக்குக் கொடுக்கிறோம், அம்மன் பெயரால் கொடுக்கிறோம் என்ற மனநிறைவுக்குத்தான் கொடுக்கிறார்கள். அப்படிக் கொடுத்த பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை கொடுத்தவருக்கு உண்டு. அதைச் சுட்டிக்காட்டும் கடமை என்னைப் போன்றவர்களுக்கும் உண்டு.

பொதுப் பணத்தில் பள்ளி நடத்துவது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. விருதுநகரில் 1889-இல் தொடங்கிய க்ஷத்ரிய வித்யாசாலா வணிகர்கள் பொதுக் காரியத்துக்கென்று வியாபாரத்திலிருந்து ஒதுக்கிய மகமைப் பணத்திலும் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடியரிசியிலும் நடந்த பள்ளி. காமராசர் படித்தது அங்கேதான். அவர் முதலமைச்சராக இருந்தபோது, நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறையின் இயக்குநராக இருந்து நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் ஊராக மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் நிலமும் கொடுத்தார்கள். நம் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடமும் ஊரார் போட்ட பணத்தில் எழுந்தது என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நம் ஊரிலேயே ஏலப் பணத்தில் ஓர் ஆசிரியை இருந்ததும் உண்டு. நான் நான்காம் வகுப்புப் படித்தபோது ஓர் ஆசிரியர் மாற்றலாகிப் போய் எட்டு மாதம் இடம் காலியாகக் கிடந்தது. கோயில் நிலத்துப் புளியமரங்களின் ஏலப் பணத்தில், பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்காவை மாதம் 300 ரூபாய்க்கு வைத்தார்கள். எனக்கு வகுத்தல் கணக்கு வந்தது அவரால்தான். புளியங்கொட்டைகளைத் தரையில் கொட்டி, பங்கு பிரித்துப் பிரித்து, மிச்சம் என்றால் என்ன என்று காட்டினார். அந்த அக்காவைப் பற்றிய இன்னொரு நினைவும் எனக்கு உண்டு. மாதம் முடிந்து சம்பளம் கேட்க, கணக்குப் பார்ப்பவர் வீட்டுத் திண்ணை ஓரத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார். ஏலம் எடுத்தவர் அடுத்த பொங்கலுக்குள் பணம் கட்டினால் போதும் என்பது நம் வழக்கம் அல்லவா? ஏலப் பாக்கி வந்தால்தான் சம்பளம். ‘நாளைக்கு வாம்மா’ என்பார்கள். ஒருமுறை பணத்துக்குப் பதிலாக ஒரு கூடைப் புளியைத் தந்து அனுப்பினார்கள். அவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, வெயிலில் வண்டிப்பாதை வழியே நடந்து போனதைப் பள்ளிச் சன்னலிலிருந்து நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

வளர்ந்து நானும் அதே வேலைக்கு வந்த பிறகுதான் அந்தத் திண்ணை எவ்வளவு நீளமானது என்று எனக்குப் புரிந்தது. சென்னையில் ஒரு தனியார் பள்ளியில் பொங்கல் விடுமுறை நாட்களைக் கழித்துக்கொண்டு, வந்த நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டு எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதுவும் அலுவலகத்துக்கு நான்கு முறை நடந்து, கேட்டு வாங்கியது. அரசுப் பள்ளிகளில் 2012-இல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு அமர்த்தினார்கள். அதன்பின் தொகை சிறிது சிறிதாக உயர்ந்தாலும், மே மாதச் சம்பளத்துக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. மே மாதத்திலும் அரிசி வாங்க வேண்டும், வாடகை கொடுக்க வேண்டும். தற்காலிகமாக வேலை பார்ப்பவர் நிரந்தர ஊழியரின் அதே வேலையைச் செய்தால் அந்தப் பணிக்குரிய குறைந்தபட்ச ஊதியத்தையாவது பெற உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 12,000 ரூபாய் அந்த அளவை எட்டாது என்பது எனக்குத் தெரியும். நம்மால் உறுதியாகத் தர முடிந்தது அது என்பதால்தான் அதைக் கேட்கிறேன். அதற்கும் குறைத்துப் பேரம் பேசக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே, ஆசிரியரை வைத்த பிறகு பணத்தைத் தேடும் பழைய வழி இனி வேண்டாம். பொருளாளர் படித்த கணக்குப்படி ஏலத்தில் சேர்ந்த தொகையில் 2,74,000 ரூபாய் வங்கியில் இருக்கிறது; மீதி ஏலப் பாக்கி. கையில் உள்ளதிலிருந்து பத்து மாதத் தொகை முழுவதையும் பள்ளி மேலாண்மைக் குழுவின் வங்கிக் கணக்கில் முதலில் கட்டிவிட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்து மூலம் தெரிவித்து, அதன் பிறகே ஆளைத் தேட வேண்டும். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள் சம்பளம் அவருடைய கணக்கில் விழ வேண்டும். விடுமுறை நாட்களுக்கும் மே மாதத்துக்கும் அதில் பிடித்தம் கூடாது. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை வேலை என்று ஒரு கடிதமும் அவர் கையில் இருக்க வேண்டும். தகுதித் தேர்வில் தேறி வேலையில்லாமல் இருக்கும் பெண்கள் சுற்று வட்டாரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லாததால் போக்குவரத்தும் பெரிய பாரமாக இருக்காது. ஆளைத் தேர்ந்தெடுப்பது தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் செய்ய வேண்டிய வேலை. அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். பணம் கொடுத்தவர் தன் மருமகளைப் பரிந்துரைப்பதும், வகுப்பில் வந்து நின்று அதிகாரம் செய்வதும் நேர்ந்தால், நாம் செய்யும் நல்லது அத்தனையும் கெட்டுவிடும். எலுமிச்சம்பழத்தை ஏலம் எடுத்தவர் பள்ளியை ஏலம் எடுத்தவர் ஆகமாட்டார்.

அரசு செய்ய வேண்டியதை நாம் ஏன் செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நீண்ட விடுப்புகளுக்கு மாற்று ஆசிரியர் பட்டியல் ஒன்றை ஒன்றியம்தோறும் அரசே வைத்திருக்க வேண்டும் என்று சங்கத்தின் சார்பில் மனு எழுதுவோம். கையெழுத்து வாங்கும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் மனு மேசை மேசையாக நகர்ந்து பதில் வருவதற்குள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புக்குப் போய்விடும். அந்தப் பிள்ளைக்கு இன்னொரு முறை ஒன்றாம் வகுப்பு கிடையாது.

இன்னொரு பேச்சும் அன்று எழுந்தது. கூட்டத்தில் உரக்கச் சொல்லாமல் சாப்பாட்டுப் பந்தியில் சொன்னார்கள். அதற்கும் பதில் சொல்லாமல் இந்த மடலை முடிப்பது நேர்மையாகாது. ‘நம்ம வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் வேன்ல டவுன் பள்ளிக்குப் போகுது, நம்ம ஊர்ப் பள்ளியில படிக்கிறதுல பாதி கிழக்குத் தெருப் பிள்ளைங்கதானே, அவங்க வரி குடுக்குறாங்களா, ஏலத்துல நிக்கிறாங்களா?’ என்றார்கள். அவர்கள் பொங்கல் வரிப்பட்டியலில் இல்லை என்பது உண்மைதான். பட்டியலில் அவர்களைச் சேர்க்காதது நாம். அவர்கள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. பொங்கலுக்குப் பந்தல் போட்டதும், கோயில் நிலத்துப் புளியை உலுக்கிச் சுமந்ததும், ஏலப் பொருட்களை வண்டியில் ஏற்றியதும் அந்தப் பிள்ளைகளின் அப்பா அம்மாதான். அவர்கள் உழைப்பும் சேர்ந்து வந்த பணம் அவர்கள் பிள்ளைக்கு ஒரு வருடம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போவது அவர்களுக்கு நாம் போடும் பிச்சையாகாது. அந்தப் பள்ளியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளும் கிழக்குத் தெருக்காரிதான். அந்தப் புளியங்கொட்டைக் கணக்கில் என்னைவிட அவள் கெட்டிக்காரி. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு நடக்கும் கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை முதல் பொருளாக, சாப்பாட்டுக்கு முன்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். தலைமையாசிரியரிடம் பேசிவிட்டேன், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியும் சம்மதம் சொல்லிவிட்டார். குழுவின் வங்கிக் கணக்கு விவரத்தையும், வேலைக்கு அமர்த்தும் கடிதத்தின் மாதிரியையும் எழுதி எடுத்து வருகிறேன். ஏலம் எடுக்கும் வசதி என் குடும்பத்துக்கு எந்த ஆண்டும் இருந்ததில்லை. இந்த முறை முதல் மாதச் சம்பளத்தில் பாதியை, 6,000 ரூபாயை, அன்றே மேசையில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
வடக்குத் தெருவில் பிறந்து வில்லிவாக்கத்தில் வசிக்கும்
உங்கள் ஊர் ஆசிரியை